நூறு டாலர் பள்ளி

அமெரிக்காவில் ‘பிரெப் ஸ்கூல்’ என்று சொன்னால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்து, பேர்பெற்ற பல்கலைக்கழகங்களுக்குள் நுழையும் வாசல் என்றே பலரும் புரிந்துகொள்கிறார்கள். கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி என்பது அந்தப் பெயரின் நேர்ப்பொருள். அந்த ஆயத்தம் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்விக்குக் கட்டணம்தான் பெரும்பாலும் பதில் சொல்லிவிடுகிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கனெக்டிகட் ஆற்றங்கரையில் உள்ள நார்த்ஃபீல்ட் மவுண்ட் ஹெர்மன் பள்ளியின் கதை இந்த இடத்தில் வேறுபடுகிறது. ஏழைப் பிள்ளைகளுக்கென்றே தொடங்கப்பட்ட கிறிஸ்தவப் பள்ளி அது. அதன் வளர்ச்சியைக் கட்டடங்களையும் மாணவர் தொகையையும் கொண்டு அளப்பது தவறு என்றே நினைக்கிறேன். படிப்புக்கு ஆகும் செலவில் எவ்வளவு பங்கைப் பிள்ளையின் தலையில் ஏற்றினார்கள் என்பதே சரியான அளவுகோல்.

பள்ளியை நிறுவிய ட்வைட் மூடி 1837-ல் நார்த்ஃபீல்டில் பிறந்தார். நான்கு வயதில் தந்தையை இழந்தார். ஒன்பது பிள்ளைகளைத் தாய் ஒருத்தியே வளர்த்தார். பள்ளிப்படிப்பு பாதியில் நின்றது. 17 வயதில் பாஸ்டன் போய், மாமாவின் செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னாளில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெருங்கூட்டங்களைத் திரட்டிய பிரசங்கியாக ஊர் திரும்பியபோது, மலையடிவாரப் பண்ணை வீடுகளில் பெண்பிள்ளைகள் படிக்க வழியின்றி வைக்கோல் தொப்பி பின்னிக்கொண்டிருந்ததைக் கண்டார். 1879 நவம்பரில் பெண்கள் பள்ளி 25 மாணவிகளுடன் தொடங்கியது. முதல் வகுப்புகள் அவர் வீட்டுச் சாப்பாட்டு அறையில் நடந்தன. 1881-ல் ஆற்றின் மறுகரையில் மவுண்ட் ஹெர்மன் ஆண்கள் பள்ளி வந்தது. அதற்குக் கடிகாரத் தொழிலதிபர் ஹைரம் கேம்ப் 25,000 டாலர் கொடுத்தார். மூடியும் பாடகர் சாங்கியும் வெளியிட்ட பாடல் புத்தகங்களின் உரிமத்தொகையும் பள்ளிகளுக்கே போயிற்று. உணவு, தங்குமிடம், படிப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 100 டாலர் வாங்கினார்கள். உண்மையான செலவில் ஏறக்குறைய பாதி அது. மீதிப் பாதியை நன்கொடை சுமந்தது. குறைந்த கட்டணம் எல்லோருக்கும் பொது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தன் வறுமையை எடுத்துச்சொல்லிச் சலுகை கேட்டு நிற்க வேண்டிய நிலை அங்கே எந்தப் பிள்ளைக்கும் வரவில்லை.

இந்த ஒரு முடிவு யாரையெல்லாம் உள்ளே கொண்டுவந்தது என்று பாருங்கள். பெண்கள் பள்ளியின் முதல் நூறு மாணவிகளில் 16 பேர் அமெரிக்கப் பழங்குடியினர். வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த தாமஸ் நெல்சன் பேக்கர் மவுண்ட் ஹெர்மனில் படித்து, பாஸ்டன் பல்கலைக்கழகம் போய், பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பிக்ஸ்லி செமே இங்கே படித்துவிட்டுக் கொலம்பியா போனார். பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் என்று பெயர் பெற்ற அமைப்பை 1912-ல் உருவாக்கியவர்களில் முதன்மையானவர் அவர். நம் ஊருக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1886 கோடையில் மவுண்ட் ஹெர்மனில் 251 கல்லூரி மாணவர்கள் கூடினார்கள். வெளிநாடுகளில் மதம் பரப்ப இளைஞர்களைத் திரட்டிய மாணவர் தன்னார்வ இயக்கம் அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்தது. அதன் அலையில்தான் ஷெர்வுட் எட்டி என்ற அமெரிக்க ஊழியர் 1896-ல் இந்தியா வந்து, சென்னை மாகாணத்தில் தமிழ் கற்று, தமிழ்க் கிறிஸ்தவத் தலைவர் வி. எஸ். அசரியாவோடு சேர்ந்து உழைத்தார்.

மதம் பரப்ப ஆள் சேர்த்ததைக் கல்விச்சேவை என்று பாராட்டுவதா என்று கேட்பவர்கள் உண்டு. மூடி தன் நோக்கத்தை ஒருபோதும் மறைக்கவில்லை. விவிலியப் படிப்பு எல்லோருக்கும் கட்டாயம். ஆனால் ஊழியப் பயிற்சிக்கென்று சிகாகோவில் தனி நிறுவனம் உருவாக அவரே வழிசெய்தார். அதனால் இந்தப் பள்ளிகள் வெறும் பயிற்சிக் கூடங்களாகச் சுருங்கவில்லை. பெண்கள் பள்ளியை நடத்த வெல்லெஸ்லி கல்லூரியில் படித்த பெண்களை அழைத்துவந்தது கல்வித் தரத்தில் அவர் காட்டிய அக்கறைக்குச் சான்று. இன்னொரு ஆட்சேபம் உடலுழைப்பைப் பற்றியது. மாணவர் ஒவ்வொருவரும் சமையலறையிலோ சலவையிலோ பண்ணையிலோ தினமும் வேலை செய்தாக வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தப் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டினார்களா? செலவு குறைந்தது உண்மை. ஏழையை மட்டும் வேலைக்கு அனுப்பியிருந்தால் நானும் அதைச் சுரண்டல் என்றே சொல்வேன். எல்லோருக்கும் ஒரே விதி இருந்ததால் கரண்டி பிடிப்பது யாருக்கும் இழிவாகவில்லை. இந்த வழக்கம் இன்றும் வாரத்துக்குச் சில மணி நேரமாக நீடிக்கிறது. அதே சமயம், அந்தக் கண்டிப்பு எல்லோருக்கும் ஒத்துவந்ததாகவும் சொல்ல முடியாது. 1951-ல் கெய்ரோவிலிருந்து வந்து சேர்ந்த, பின்னாளில் பேர்பெற்ற அறிஞரான எட்வர்ட் சயீத், தன் நினைவுக்குறிப்பில் இந்தப் பள்ளி நாட்களைக் கசப்போடுதான் பதிவுசெய்திருக்கிறார். மதிப்பெண்ணில் முன்னணியில் இருந்தும் பட்டமளிப்பு விழாவின் கௌரவம் தனக்கு மறுக்கப்பட்டது அவருக்குக் கடைசிவரை ஆறாத புண். உலகம் முழுவதிலிருந்தும் பிள்ளைகளை அழைத்துவந்த பள்ளி, வந்தவர்களின் மனத்தை எப்போதும் புரிந்துகொள்ளவில்லை.

1971-ல் இரு பள்ளிகளும் ஒன்றாயின. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள், இரண்டு வளாகங்கள், நடுவே ஆறும் பல மைல் சாலையும். வெளிப்பார்வைக்கு அதுவே உச்சம். இரண்டு வளாகங்களைப் பராமரிக்கும் செலவு ஏறிக்கொண்டே போக, 2005-ல் நார்த்ஃபீல்ட் வளாகத்தை மூடி, எல்லோரையும் மவுண்ட் ஹெர்மனில் குடியேற்றினார்கள். மாணவர் தொகை சுமார் 650-ஆகக் குறைந்தது. பழைய மாணவிகள் பலருக்கு அது தாய்வீட்டை விற்றதுபோல் வலித்தது. அந்த வலி நியாயமானது. என்றாலும் இதை வீழ்ச்சி என்று சொல்லமாட்டேன். கூரைகளுக்கும் கொதிகலன்களுக்கும் போகும் பணம் பிள்ளைகளுக்குப் போகுமானால் சுருங்குவது சரியான முடிவுதான்.

பணம் அப்படிப் போயிற்றா என்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். விடுதி மாணவர் ஒருவருக்கு இன்று அறிவிக்கப்படும் ஆண்டுக் கட்டணம் 70,000 டாலருக்கு மேல். விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்துப் பார்த்தாலும் பழைய நூறு டாலர் இன்று சில ஆயிரங்களுக்கு மேல் வராது. ஆசிரியருக்கு நல்ல சம்பளம், சிறு வகுப்புகள், ஆய்வகங்கள் என்று செலவு கூடியதை யாரும் மறுக்கவில்லை. முழுக்கட்டணம் கட்டும் குடும்பங்களின் பணமும் நன்கொடையும் சேர்ந்துதான் இன்றைய உதவித்தொகைக்கு வழிசெய்கின்றன, எல்லோருக்கும் கட்டணத்தைக் குறைத்தால் பணக்காரருக்கும் சேர்த்து இலவசம் கொடுத்ததாகிவிடும் என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் பதில். கணக்கில் அது சரி. ஆனால் முன்பு ஏழை மாணவருக்காகவே பள்ளி இருந்தது. இன்று அவர் விண்ணப்பப் படிவத்தில் பெற்றோரின் வருமானத்தைக் காட்டி உதவி கேட்க வேண்டியிருக்கிறது. அந்தத் தொகையைப் பார்த்ததுமே விண்ணப்பிக்காமல் ஒதுங்கிவிடும் குடும்பங்கள் எந்தக் கணக்கேட்டிலும் வருவதில்லை.

கைவிடப்பட்ட நார்த்ஃபீல்ட் வளாகத்தை 2009-ல் ஹாபி லாபி கடைகளின் உரிமையாளர்கள் வாங்கினார்கள். 2019 முதல் தாமஸ் அக்வினாஸ் என்ற கத்தோலிக்கக் கல்லூரி அங்கே நடக்கிறது. மூடியின் கல்லறை அங்குள்ள சிறு குன்றின்மேல் இருக்கிறது. அவர் நிறுவிய பள்ளியின் வகுப்பறைகள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன.