நீலம், வெள்ளை, மஞ்சள் பட்ஜிகள்: அரிய நிறங்களின் பின்னுள்ள மரபியல் என்ன? வாங்குவோர் அறிய வேண்டியவை

செல்லப்பிராணிக் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று கேட்டு வாங்கப்படும் சிறு கிளிகளில் பெரும்பாலானவை, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட பட்ஜரிகர் இனப் பறவைகளே. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த உண்மையான லவ் பேர்ட் வேறு இனம். கொல்கத்தாவின் கேலிஃப் தெரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முதல் மும்பையின் கிராஃபோர்டு சந்தை வரை, பட்ஜிகளின் விலையைப் பெரும்பாலும் அவற்றின் நிறமே தீர்மானிக்கிறது. சாதாரணப் பச்சைப் பறவையைவிட அரிய நிறப் பறவைக்கு விலை அதிகம். அந்த நிறம் எப்படி உருவாகிறது என்பதை அறியாமல் வாங்குவோர் பணத்தை இழப்பதுடன், சில வேளைகளில் நோயுற்ற குஞ்சுகளின் பிறப்புக்கும் காரணமாகிவிடுகின்றனர்.

பச்சை எப்படி நீலமானது?

ஆஸ்திரேலியப் புல்வெளிகளில் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் காட்டு பட்ஜரிகர், மஞ்சள் முகமும் கறுப்பு வரிகளும் கொண்ட பச்சைப் பறவை. 1840-இல் பறவையியல் அறிஞர் ஜான் கோல்டு இப்பறவைகளை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன்பின் ஐரோப்பாவில் கூண்டு வளர்ப்பு பரவியது. 1880-ஆம் ஆண்டுவாக்கில் பெல்ஜியத்தில் நீல நிறப் பறவைகள் தோன்றின.

பட்ஜியின் உடலில் நீலத்திற்கென்று தனி நிறமி எதுவும் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதனுடன் 'சிட்டகோஃபுல்வின்' எனப்படும், கிளி இனங்களுக்கே உரிய மஞ்சள் நிறமி சேரும்போது பச்சை பிறக்கிறது. மஞ்சள் உருவாகாவிட்டால் நீலம் மட்டும் எஞ்சுகிறது.

இந்த மஞ்சள் நிறமியை உருவாக்கும் நொதிக்கான மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருப்பதே நீலப் பட்ஜிக்குக் காரணம் என்பதை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-இல் 'செல்' ஆய்விதழில் வெளியிட்டனர். வளர்ப்போர் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கண்டுவந்த மாற்றத்தின் மூலக்கூறு காரணம் அப்போதுதான் தெளிவானது.

பச்சைக்குள் மறைந்திருக்கும் நீலம்

நீலம் ஓர் ஒடுங்கு பண்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு கிடைத்தால்தான் குஞ்சு நீலமாகும். ஒருவரிடமிருந்து மட்டும் கிடைத்தால் குஞ்சு பச்சையாகவே இருக்கும். ஆனால் நீலத்தைத் தன்னுள் சுமந்திருக்கும். இத்தகைய பறவையை வளர்ப்போர் 'ஸ்பிளிட்' என்கின்றனர்.

நீலப் பறவையைக் கலப்பில்லாத பச்சைப் பறவையுடன் இணைத்தால் எல்லாக் குஞ்சுகளும் ஸ்பிளிட் பச்சையாகவே பிறக்கும். இரண்டு ஸ்பிளிட் பச்சைகளை இணைத்தால், சராசரியாக நான்கு குஞ்சுகளில் ஒன்று நீலமாக இருக்கும். எனவே பச்சை ஜோடியின் கூட்டில் திடீரென நீலக் குஞ்சு தோன்றினால், பெற்றோர் இருவருமே ஸ்பிளிட் என்று பொருள்.

'ஸ்பிளிட்' பெண் பறவை உண்டா?

சிவந்த கண்களுடன் முழு மஞ்சளாக இருக்கும் லுட்டினோ பறவைகளின் கணக்கு வேறு. இதற்கான மரபணு பால் குரோமோசோமில் உள்ளது. மனிதர்களுக்கு நேர்மாறாக, பறவைகளில் ஆணுக்கே ஒரே வகையான இரண்டு பால் குரோமோசோம்கள் உள்ளன. பெண்ணிடம் அவ்வகையில் ஒன்று மட்டுமே இருப்பதால், மாறிய மரபணு இருந்தால் அது வெளியே தெரிந்தே தீரும்.

ஆகவே பச்சை நிறப் பெண் பறவையை 'ஸ்பிளிட் லுட்டினோ' என்று கூறி விற்றால் அந்தக் கூற்று தவறானது. லுட்டினோ ஆணைச் சாதாரணப் பச்சைப் பெண்ணுடன் சேர்த்தால் பெண் குஞ்சுகள் அனைத்தும் லுட்டினோவாகவும், ஆண் குஞ்சுகள் அனைத்தும் ஸ்பிளிட் பச்சையாகவும் பிறக்கும்.

வெள்ளைப் பறவையிலும் இதே கவனம் தேவை. சிவந்த கண் கொண்ட அல்பினோ, நீல மாற்றமும் லுட்டினோ மாற்றமும் ஒன்றுசேர்ந்த பறவை. கறுத்த கண் கொண்ட வெள்ளைப் பறவை, 1970-களில் ஆஸ்திரேலியாவில் தோன்றிய 'ஸ்பாங்கிள்' மரபணு இரட்டையாக அமைந்ததாக இருக்கலாம். தோற்றம் ஒத்திருந்தாலும் இவற்றின் குஞ்சுகள் ஒன்றுபோல் அமையா.

உடலின் ஒரு பாதி பச்சையாகவும் மறுபாதி நீலமாகவும் காணப்படும் 'ஹாஃப் சைடர்' பறவைகள் மிக அரியவை. இது கருவின் தொடக்க வளர்ச்சியில் நேரும் தற்செயல் நிகழ்வு, குஞ்சுகளுக்குக் கடத்தப்படுவதில்லை. இனப்பெருக்கத்திற்காக அதிக விலை கொடுத்து இதனை வாங்குவதில் பயனில்லை.

அழகுக்குப் பறவை தரும் விலை

நிறமாற்றம் பெரும்பாலும் பறவைக்குத் தீங்கு செய்வதில்லை. அந்த நிறத்தை விரைவாகப் பெருக்கக் கையாளப்படும் வழியிலேதான் சிக்கல் எழுகிறது. அரிய நிறப் பறவை ஒன்றிரண்டு மட்டுமே கையில் இருக்கும்போது, தந்தையுடன் மகளையும் உடன்பிறந்தவற்றையும் இணைக்கும் ஆசை வளர்ப்போருக்கு எழுகிறது. இதனால் விரும்பிய நிறம் விரைவில் கிடைக்கும். ஆனால் மறைந்திருக்கும் தீய மரபணுக்களும் அதே வேகத்தில் இரட்டையாகச் சேரும். முட்டைகள் பொரியாமை, குஞ்சுகள் மெலிதல், நோய் எதிர்ப்புக் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

இதன் துயரமான எடுத்துக்காட்டு 'ஃபெதர் டஸ்டர்' எனப்படும் குஞ்சு. இதன் இறகுகள் வளர்வதை நிறுத்துவதே இல்லை. நீண்டு சுருண்ட இறகுகள் கண்களை மறைக்கும்; பறவையால் பறக்க இயலாது; தானே உண்ணவும் தடுமாறும். இவற்றில் பெரும்பாலானவை ஓராண்டைக்கூடக் கடப்பதில்லை. நலமாகத் தோன்றும் பெற்றோர் இருவரிடமும் மறைந்திருந்து வரும் ஒடுங்கு பண்பே இதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. படத்தில் பார்க்க வேடிக்கையாகத் தோன்றும் இப்பறவையை 'அரிய வகை' என்று எண்ணி விரும்புவது, ஒரு நோயை விரும்புவதற்கு ஒப்பாகும்.

வளர்ப்போர் கவனிக்க வேண்டியவை

* நெருங்கிய உறவுடைய பறவைகளை இணைக்க வேண்டாம். அரிய நிறப் பறவையை, உறவில்லாத வலுவான பச்சைப் பறவையுடன் இணைத்து, கிடைக்கும் ஸ்பிளிட் குஞ்சுகளை வேறு குடும்பத்துப் பறவைகளுடன் சேர்ப்பதே பாதுகாப்பான வழி. ஒரு தலைமுறை தாமதமானாலும் உடல்வலிமை காக்கப்படும்.
* குஞ்சுகளுக்குச் சிறு வயதிலேயே எண் பொறித்த கால் வளையம் அணிவித்து, பெற்றோர் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பதிவில்லாமல் 'ஸ்பிளிட்' என்று கூறப்படுவதை உறுதிசெய்ய எளிய வழி இல்லை.
* ஓராண்டு நிறைவதற்கு முன் ஜோடி சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு இரண்டு ஈடுகளுக்கு மேல் முட்டையிட விடாமல், கூட்டுப் பெட்டியை அகற்றிப் பறவைக்கு ஓய்வு தர வேண்டும்.
* வளர்ந்த ஆணின் மூக்குப் பகுதி பொதுவாக நீலமாகவும் பெண்ணுடையது பழுப்பாகவும் இருக்கும். லுட்டினோ, அல்பினோ ஆண்களில் அது இளஞ்சிவப்பாகவே நிலைப்பதால், பால் அறிவதில் தவறு நேரலாம்.
* குறையுள்ள குஞ்சு பிறந்தால் அதே ஜோடியை மீண்டும் இணைக்கக் கூடாது. கால்நடை மருத்துவரை அணுக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டுப் பச்சைக்கிளிகளைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். பட்ஜரிகர் அயல்நாட்டு இனம். அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் பட்டியல்களிலும் அது இடம்பெறவில்லை. ஆயினும் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும். விற்பனைக் கடைகள் 2018-ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளைப் பின்பற்ற வேண்டும்.

வளர்க்க இயலாதவர்கள் இப்பறவைகளை வெளியே திறந்துவிடுவதும் தவறு. கூண்டில் பிறந்த பட்ஜிக்கு இரை தேடவோ பருந்து, காகங்களிடமிருந்து தப்பவோ தெரியாது. நீலமும் வெள்ளையும் அதனைத் தொலைவிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எனவே பொறுப்பான மற்றொரு வளர்ப்பாளரிடம் ஒப்படைப்பதே சரியானது.

பறவை வாங்கச் செல்வோர் நிறத்தைக் கேட்பதற்கு முன், அதன் பெற்றோர் யார், அவை ஒன்றுக்கொன்று உறவா என்று கேட்க வேண்டும். அதற்கு எழுத்துப்பூர்வமான பதில் தரும் வளர்ப்பாளரிடம் வாங்குவதே பணத்துக்கும் பறவைக்கும் பாதுகாப்பு.