உங்களுக்குத் தெரியுமா? செம்பனைக் காட்டின் குட்டி உழைப்பாளிகள்

பகாவ், ரந்தாவ், சிலியாவ் என நெகிரி செம்பிலானில் பால்மரம் நின்ற பல தோட்டங்களில் இன்று செம்பனை நிற்கிறது. அங்கே நமக்காக உழைக்கும் பூச்சிகளுக்கும் நோய் வரும். அவற்றின் தெம்பு குறைந்தால் அந்த நோய் முற்றும்.

● செம்பனைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது, கேமரூனிலிருந்து கொண்டுவரப்பட்டு 1981-இல் மலேசியாவில் விடப்பட்ட ஒரு கூன்வண்டு. இதற்கு வழிகாட்டியவர் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத். அதற்கு முன்பு பல தோட்டங்களில் தொழிலாளர்கள் மரம் மரமாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள்.

● இந்த வண்டின் உடலுக்குள் வாழும் ஒட்டுண்ணி நூற்புழு ஒன்றை ஆய்வாளர்கள் 2002-இல் பெயரிட்டு விவரித்தார்கள். வண்டுக்கு வேறு கஷ்டங்களும் உண்டு. அடைமழையில் அது அதிகம் பறக்காது. அதன் புழுக்கள் வளர்வது பூத்து வாடிய ஆண்பூவில்தான். ஆண்பூ குறைந்தால் வண்டும் குறையும், குலையில் காய்ப்பிடிப்பும் குறையும்.

● பூச்சிகளின் உடலில் கிருமியைக் கொல்லும் புரதங்களைச் சுரப்பது கொழுப்புத் திசு. பட்டினி கிடக்கும் பூச்சியிடம் அந்தத் திசு வற்றிப்போகிறது. பல வகைப் பூக்களின் மகரந்தம் தின்ற தேனீக்களுக்கு நோய் தாங்கும் சக்தி கூடுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

● தோட்டங்களில் புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேட், தாவரங்களிலுள்ள ஒரு நொதியை முடக்குகிறது. அதே நொதி தேனீயின் குடலில் வாழும் நல்ல பாக்டீரியாக்களிலும் உண்டு. அவை குறைந்த தேனீக்கள், கிருமி தொற்றியபோது அதிகமாக இறந்தன. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட முடிவு இது.

● 2010-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், குடலைத் தாக்கும் நோசிமா ஒட்டுண்ணியையும் இமிடாகுளோபிரிட் பூச்சிக்கொல்லியையும் ஒன்றாகச் சோதித்தார்கள். இரண்டும் சேர்ந்தபோது தேனீக்கள் கூடுதலாக மடிந்தன. மருந்து அளவு குறைவுதான் என்று நாம் நிம்மதி அடைய முடியாது.

● தேனீக்கூட்டுக்கும் காய்ச்சல் வரும்! குளிர்ந்த புழுக்களைப் பிடிக்கும் பூஞ்சை நோய் நுழைந்தால், தேனீக்கள் ஒன்றுகூடிக் கூட்டின் சூட்டை உயர்த்துகின்றன. அந்தச் சூட்டை உண்டாக்க அவற்றுக்கு நிறையத் தேன் வேண்டும்.

● செம்பனைத் தோட்டச் சாலையோரங்களில் பூக்கும் டர்னரா செடி அழகுக்காக மட்டும் வைப்பதல்ல. இலை தின்னும் புழுக்களை அழிக்கும் குளவிகளுக்கு அதன் தேன்தான் உணவு. மருந்து அடிக்கும்போது இந்தப் பூக்களை விட்டுவைப்போம். பசியில்லாத பூச்சிதான் நோயைத் தாங்கும், நம் தோட்டத்தையும் காக்கும்.