34 வருஷம் கழிச்சு உங்க போனுக்கு வந்த ஆல்பம்!

2021 டிசம்பர்ல 'ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்' பார்த்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூணு ஸ்பைடர்மேனையும் ஒரே ஃப்ரேம்ல பார்த்துக் கத்தித் தொண்டை கட்டி, படம் முடிஞ்சு பெயர்கள் ஓட ஆரம்பிக்கும்போது ஒரு துள்ளலான பாட்டு வரும். மூணுங்கிற எண்ணைக் கொண்டாடுற பாட்டு. இந்தப் படத்துக்காகவே எழுதினாங்களோன்னு தோணும். தியேட்டர் வாசல்ல நின்னுக்கிட்டே மியூசிக் ஆப்ல தேடினேன். ஒரிஜினல் கிடைக்கவே இல்லை. உலகத்துல இருக்கிற அத்தனை பாட்டும் கைக்குள்ள இருக்குன்னு நம்பின எனக்கு அது ஒரு சின்ன அதிர்ச்சி.

அந்தப் பாட்டு 'தி மேஜிக் நம்பர்'. பாடியது டி லா சோல் என்ற அமெரிக்க ஹிப்-ஹாப் குழு. இடம்பெற்ற ஆல்பம், 1989 மார்ச்சில் வெளியான 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்'. ஏதோ யாரும் கேட்காத ஆல்பம் என்று நினைக்காதீங்க. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம், நாட்டின் பொக்கிஷமாகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010-ம் ஆண்டுப் பட்டியலில் இதைச் சேர்த்திருக்கிறது. அரசாங்கம் பொக்கிஷம் என்று சொன்ன ஓர் ஆல்பம் 2023 வரை எந்த ஸ்ட்ரீமிங் ஆப்பிலும் இல்லை. காரணம், அந்த ஆல்பத்தை அழகாக்கிய அதே விஷயம்தான்.

தயிரைத் திருப்பிப் போட்டால்...

நியூயார்க் நகரத்துக்கு வெளியே, லாங் ஐலேண்டில் உள்ள ஊர் அமிட்டிவில். அங்கே ஒரே பள்ளியில் படித்த மூன்று பையன்கள் கெல்வின், டேவ், வின்சென்ட். ராப்பர்னா ஒரு பட்டப்பெயர் வேணுமே? டேவுக்குத் தயிர் பிடிக்கும். 'யோகர்ட்' என்பதன் எழுத்துகளைத் திருப்பிப் போட்டு 'ட்ருகாய்' ஆனார். கெல்வினும் தன் பழைய டி.ஜே பெயரைத் திருப்பிப் போட்டு 'பாஸ்ட்னூஸ்' ஆனார். வின்சென்ட், 'மேசியோ'. இதுலயே தெரிஞ்சிருக்கும், இவங்க மிரட்ட வந்த ஆளுங்க இல்லை.

அதுதான் அன்றைக்குப் பெரிய விஷயம். 1988-ல் ஹிப்-ஹாப்பை ஆண்டது ஒரு பக்கம் பப்ளிக் எனிமியின் அரசியல் கோபம், இன்னொரு பக்கம் என்.டபிள்யூ.ஏ-வின் தெருக் கோபம். ராப்பர் என்றால் தடித்த தங்கச் சங்கிலி, முறைப்பு. இந்த மூவரோ மஞ்சள் அட்டையில் டெய்சி பூக்கள் சூழ, சந்தோஷமாக வந்து நின்றார்கள். 'மீ மைசெல்ஃப் அண்ட் ஐ' வீடியோவைத் தேடிப் பாருங்க. ராப் சொல்லித்தரும் ஒரு வகுப்பறை. எல்லாரும் சங்கிலியோடு உட்கார்ந்திருக்க, இவர்கள் மட்டும் ஒட்டாமல் நின்று கேலிக்கு ஆளாவார்கள்.

பூ போட்ட அட்டை என்பதால் உள்ளே எல்லாம் சிரிப்பு என்றும் இல்லை. 'சே நோ கோ' பாட்டு, அப்போது கறுப்பினக் குடியிருப்புகளைத் தின்றுகொண்டிருந்த போதைப் பழக்கத்தைப் பற்றியது. ஆனா பத்திரிகைகள் பூவை மட்டும் பார்த்து 'ஹிப்பி'ன்னு முத்திரை குத்தின. கடுப்பான குழு, 1991-ல் வந்த அடுத்த ஆல்பத்துக்கு 'டி லா சோல் இஸ் டெட்' என்றே பெயர் வைத்தது. அட்டையில் உடைந்து கிடக்கும் ஒரு டெய்சி பூந்தொட்டி!

ஒட்டுத்துணி மாதிரி ஒரு இசை

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருவோம். 'சாம்பிளிங்' என்றால், பழைய இசைத்தட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி எடுத்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதன் மேல் புதுப் பாட்டைக் கட்டுவது. நமக்கும் இது பழக்கம்தான். 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' பாட்டை எடுத்துத்தான் ஈழத் தமிழ் வேர் கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ, 2007-ல் 'பாம்பூ பங்கா'வைக் கட்டினார்.

அன்றைய ஹிப்-ஹாப்பில் ஜேம்ஸ் பிரவுன் மாதிரியான ஃபங்க் கலைஞர்களின் ரெக்கார்டுகள்தான் அதிகம் வெட்டப்பட்டன. டி லா சோலும் அவர்களின் தயாரிப்பாளர் பிரின்ஸ் பாலும் அந்த எல்லையைத் தாண்டினார்கள். கன்ட்ரி, ராக், குழந்தைகள் டி.வி பாட்டு, மொழி கற்றுத்தரும் ரெக்கார்டு என்று கையில் கிடைத்ததை எல்லாம் எடுத்தார்கள். 'மேஜிக் நம்பர்' பாட்டுக்கே மூலம், குழந்தைகளுக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லித்தரும் ஒரு டி.வி கார்ட்டூன் பாட்டு. ஆல்பத்தின் தலைப்பு, ஜானி கேஷின் வெள்ளப் பாட்டு ஒன்றின் வரியிலிருந்து வந்தது.

எனக்குப் பிடிச்சது 'ஐ நோ'. ஓடிஸ் ரெடிங் ஒரு பாட்டின் முடிவில் விசில் அடித்திருப்பார். பதிவு செய்த சில நாள்களிலேயே விமான விபத்தில் இறந்துபோனார். அந்த விசிலையும், ஸ்டீலி டேன் என்ற வெள்ளையர் ராக் குழுவின் ஒரு துண்டையும் சேர்த்துத் தைத்து ஒரு காதல் பாட்டாக்கியிருப்பார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால், கேட்கும்போது தையல் தெரியாது.

ஒரு நிமிஷத் துண்டு, ஒரு வழக்கு

ஆல்பத்தில் சுமார் ஒரு நிமிடம் மட்டும் ஓடும் ஒரு துண்டு இருக்கிறது. 'ட்ரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்'. பிரெஞ்சுப் பாடம் நடத்தும் ஒரு குரல், அதற்குப் பின்னால் மெதுவாக்கப்பட்ட ஒரு லூப். அந்த லூப், டர்ட்டில்ஸ் என்ற 60-களின் பாப் குழுவினுடையது. அதற்கு அனுமதி வாங்கியிருக்கவில்லை. டர்ட்டில்ஸ் பாடகர்கள் வழக்கு போட்டார்கள். நீதிமன்றத்துக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டது லேபிள். ஆனா, செய்தி எல்லா லேபிள்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

அடுத்த இடி 1991-ல். பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீதான சாம்பிள் வழக்கில், நியூயார்க் நீதிபதி பைபிளின் பத்துக் கட்டளைகளில் திருட்டைத் தடுக்கும் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். கடையிலிருந்து அந்த ஆல்பத்தையே திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. அதன்பின் துண்டு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் முன்அனுமதி என்பது நடைமுறை ஆனது. அதுவும் ஒரு துண்டுக்கு இரண்டு அனுமதி. பாட்டை எழுதியவருக்கு ஓர் உரிமை, பதிவு செய்த ஒலிக்கு இன்னோர் உரிமை. ஒரே பாட்டில் அஞ்சாறு துண்டு தைத்தால், எத்தனை பேரிடம் கையெழுத்து, எவ்வளவு காசு என்று நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க. அதனால் ஒரே ஒரு சாம்பிளை வைத்துப் பாட்டு கட்டுவது, அல்லது டாக்டர் ட்ரே செய்தது போல இசைக்கலைஞர்களை வைத்துத் திரும்ப வாசித்துப் பதிவது என்று ஹிப்-ஹாப்பின் சத்தமே மாறியது.

டர்ட்டில்ஸ் பக்கமும் நியாயம் இருக்கு. தங்கள் பாட்டை யாரோ எடுத்து விற்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆனா, அந்த விதிக்குள் இப்படி ஓர் ஆல்பத்தை இன்னொரு தடவை செய்ய முடியாது என்பதும் உண்மை.

கேசட் என்று எழுதிய ஒப்பந்தம்

சரி, அனுமதி வாங்கிய பாட்டுகளாவது ஆன்லைனில் வந்திருக்கலாமே? அங்கேதான் சிக்கல். 80-களின் ஒப்பந்தங்களில் ரெக்கார்டு, கேசட் என்றுதான் எழுதியிருந்தது. டவுன்லோடு, ஸ்ட்ரீமிங் பற்றி அன்றைக்கு யார் கனவு கண்டார்கள்? புதிதாக வெளியிட்டால் பழைய துண்டுகளின் உரிமையாளர்கள் எல்லாம் வழக்கோடு வருவார்களோ என்ற பயம். இந்த ஒரு ஆல்பம் மட்டுமல்ல, குழுவின் முதல் ஆறு ஆல்பங்களும் அப்படியே முடங்கின.

2014-ல் ஆல்பத்தின் 25-வது ஆண்டு. காதலர் தினத்தன்று தங்கள் பழைய பாட்டுகளை எல்லாம் 25 மணி நேரத்துக்கு இலவச டவுன்லோடாகக் கொடுத்துவிட்டார்கள். விற்கத்தான் முடியாது, ரசிகர்களுக்குக் கொடுப்போமே என்ற மனசு. 2015-ல் புது ஆல்பத்துக்காக ரசிகர்களிடமே நிதி கேட்டார்கள். 6 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அந்தக் காசில் இசைக்கலைஞர்களை அழைத்து 200 மணி நேரத்துக்கும் மேல் வாசிக்கவைத்து, அந்தப் பதிவிலிருந்து துண்டு துண்டாக வெட்டித் தங்களையே சாம்பிள் செய்துகொண்டார்கள்!

கேட்காமலே கேட்டிருக்கீங்க

டி லா சோல் பெயரே தெரியாவிட்டாலும் அவர்களின் தாக்கம் உங்க பிளேலிஸ்ட்டில் இருக்கும். பாட்டுகளுக்கு நடுவே ஒரு டி.வி கேம் ஷோவைக் கதை போல ஓடவிட்டது இந்த ஆல்பம். ராப் ஆல்பங்களில் 'ஸ்கிட்' என்பதே ஒரு வழக்கமாக ஆனது இதற்குப் பிறகுதான். லாரின் ஹில்லின் 1998 ஆல்பத்தில் வரும் வகுப்பறை, கான்யே வெஸ்ட்டின் முதல் ஆல்பத்தில் வரும் கல்லூரிக் கிண்டல் எல்லாம் அந்த வழி வந்தவை. ராப்பர் என்றால் விறைப்பாகத்தான் இருக்க வேண்டுமா என்று கேட்டு, எ ட்ரைப் கால்ட் க்வெஸ்ட் போன்ற நண்பர்களோடு இவர்கள் திறந்த கதவு இன்னும் மூடவில்லை. கொரில்லாஸின் 'ஃபீல் குட் இன்க்' கேட்டிருக்கீங்களா? அதில் வரும் ராப் டேவுடையது.

2021-ல் ரெசர்வாயர் என்ற நிறுவனம் பழைய லேபிளை வாங்கியது. ஒவ்வொரு சாம்பிளாக உட்கார்ந்து அனுமதி வாங்கும் வேலை ஆரம்பமானது. ஆல்பம் வெளியான அதே மார்ச் 3-ம் தேதி, 34 வருஷம் கழித்து, 2023-ல் எல்லாம் ஆப்களில் வரும் என்று அறிவித்தார்கள். வந்தது. ஆனா டேவ் அதைப் பார்க்கவில்லை. 2023 பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் இறந்துபோனார். இன்னும் 19 நாள்தான் பாக்கி இருந்தது.

இன்னிக்கு ராத்திரி கேட்கப்போறீங்கன்னா, ஷஃபிளை ஆஃப் பண்ணிடுங்க. ஸ்கிட்டைத் தாண்டிப் போகாதீங்க. கேம் ஷோ கேள்விகளுக்குப் பதில் கடைசி வரை வராது, காத்திருக்க வேண்டாம். 'ஐ நோ' வரும்போது மட்டும் ஹெட்போன் போட்டுக்கோங்க. அந்த விசில் ரொம்ப மெல்லிசா வரும்.