மோட்டார் இயக்கும் சின்னஞ்சிறு கணினிப் பலகையும் கரிசல் மண்ணும்

வீட்டில் இருந்தபடியே கைப்பேசி மூலம் தோட்டத்து மோட்டாரை ஓட்டும் வசதியை அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பகுதிகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் உள்ளங்கையில் அடங்கும் பலகை ஒன்று இருக்கும். அதுவும் ஒரு கணினியே ஆகும்.

கணினியின் நுண்செயலி, நினைவகம், இணைப்புகள் ஆகியவற்றைத் தாங்குவது மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையாகும். மேசைக் கணினியில் இது ஏறக்குறைய ஓரடி நீளம் இருக்கும். தைவானின் வியா நிறுவனம் 2001-இல் 17 செ.மீ. சதுரப் பலகையையும், 2007-இல் 10 செ.மீ. நீளமும் 7.2 செ.மீ. அகலமும் கொண்ட பலகையையும் வெளியிட்டது. பரப்பு நாலில் ஒரு பங்காகியது. 2012-இல் பிரிட்டனில் வெளியான ராஸ்பெரி பை இன்னும் சிறியது. பல சில்லுகளின் வேலையை ஒரே சில்லு செய்வதே இதற்குக் காரணம். மின்செலவும் சூடும் குறைவதால் காற்றாடி தேவையில்லை. மண் ஈரத்தை மட்டும் அளக்கும் எளிய பலகைக்குச் சிறு சூரியத் தகடும் பேட்டரியும் போதும்.

மண்ணில் ஈரமானியைப் பதித்து இப்பலகையுடன் இணைத்தால், ஈரம் குறையும்போது மோட்டார் தானே ஓடும். ஆனால் நமது கரிசலில் இங்குதான் கவனம் தேவை.

பண்ணைக்குட்டை நீரில் சொட்டுநீர்ப் பாசனம் பெற்ற மிளகாய் வயல் ஒன்றில் நாங்கள் இம்முறையைச் சோதித்தோம். தை மாதத்தில் மண் வெடித்தது. ஈரமானியைச் சுற்றி இடைவெளி விழுந்து காற்று புகுந்தது. பலகை அதை 'ஈரம் இல்லை' என்றே கணக்கிட்டது. சொட்டிய நீர் வெடிப்பு வழியே கீழே இறங்கிவிட, மோட்டார் இரவு முழுதும் ஓடியது. விடிந்தபோது குட்டையில் சேறுதான் மிச்சம். பலகையில் பழுது எதுவும் இல்லை. நாங்கள் பதித்த முறையே தவறு.

ஆகவே, மழை பெய்து மண் உப்பியிருக்கும் நாளில் ஈரமானியைப் பதியுங்கள். அதே குழியின் மண்ணைக் குழம்பாகக் கரைத்து ஊற்றிப் பதித்தால் இடைவெளி விழுவது குறையும். 15 செ.மீ. ஆழத்தில் ஒன்றும் 30 செ.மீ. ஆழத்தில் ஒன்றுமாக இரண்டு வைப்பது நல்லது. வெறும் உலோகக் கம்பிகள் கொண்ட மலிவான வகை உப்பு நீரில் அரித்துப்போகும், அளவும் தவறும். மின்தேக்கு வகையே மேல். வயல் மண்ணை எடை போட்டு, 105 டிகிரி சென்டிகிரேடில் 24 மணி நேரம் உலர்த்தி மீண்டும் எடை போட்டால் உண்மையான ஈரம் தெரியும். மானியின் அளவை அதனுடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னதாகக் குட்டையில் ஒரு மிதவை விசையைப் பொருத்துங்கள். ஈரமானி என்ன சொன்னாலும், நீர் குறிப்பிட்ட மட்டத்துக்கு இறங்கியதும் மோட்டாரை அது நிறுத்திவிட வேண்டும். ஒரே மூச்சில் எத்தனை மணி நேரம் ஓடலாம் என்ற வரம்பையும் பலகையில் பதிவு செய்யலாம். பலகையை மோட்டாருடன் நேரடியாக இணைக்கக் கூடாது. ரிலே வழியாக ஸ்டார்ட்டருடன் இணைக்கும் வேலையைத் தேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். முதல் பருவத்தில் மோட்டாரைப் பலகையின் பொறுப்பில் விடாமல், அது அனுப்பும் அளவைக் கைப்பேசியில் பார்த்து, வயலில் மண்ணைப் பிடித்துப் பார்த்தபின் நீங்களே ஓட்டுங்கள்.