நூற்பாலைகளில் கழிவுக் குறைப்பு

நூற்பாலைகளில் கழிவுக் குறைப்பு என்பது, பஞ்சை நூலாக மாற்றும்போது வீணாகும் பஞ்சு, மின்சாரம், நேரம், உழைப்பு ஆகியவற்றை அளந்து, தவிர்க்கக் கூடியதைத் தவிர்க்கும் மேலாண்மை முறை ஆகும். கோயம்புத்தூர் மாவட்டத்தில் அன்னூர் உள்ளிட்ட பகுதிகளில் இயங்கும் சிறு, நடுத்தர நூற்பாலைகளின் இலாபத்தை இது பெருமளவு தீர்மானிக்கிறது.

பின்னணி

கோயம்புத்தூரின் முதல் நூற்பாலை 1888இல் தொடங்கப்பட்டது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் ஆலைகள் பெருகின. ஆலைகளுக்கான ஆய்வுகளை மேற்கொள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் (சிட்ரா) 1956இல் இங்கு நிறுவப்பட்டது.

நூலின் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே செல்கிறது. பஞ்சின் விலையையும் நூலின் விலையையும் சந்தையே தீர்மானிக்கிறது. ஆகவே சிறிய ஆலையின் கையில் இருப்பது, வாங்கிய பஞ்சில் எவ்வளவு நூலாகிறது என்பதே.

கழிவின் வகைகள்

ஆலைக் கழிவு முழுவதும் ஒரே தன்மையுடையது அன்று.

அவசியமான கழிவு: புளோரூம், கார்டிங் பிரிவுகளில் விதைத்துணுக்கு, இலைத்தூள், மண் ஆகியவை நீக்கப்படுகின்றன. கோம்பர் இயந்திரம் குட்டையான இழைகளைப் பிரித்தெடுக்கிறது. இது கோம்பர் நாயில் எனப்படும். இவற்றை அளவுக்கு மீறிக் குறைத்தால் நூலில் தூசியும் முடிச்சும் மிகும்.

தவிர்க்கக்கூடிய கழிவு: தூசியுடன் சேர்ந்து வெளியேறும் நல்ல இழை, ரிங் பிரேமில் நூல் அறும்போது உறிஞ்சப்படும் பஞ்சு, பாபினில் மிஞ்சும் நூல், தரையில் விழுந்து அழுக்காகும் பஞ்சு ஆகியவை இவ்வகையின.

கண்ணுக்குத் தெரியாத இழப்பு: பஞ்சிலுள்ள ஈரம் ஆவியாவதாலும், நுண்ணிழைகள் காற்றில் பறப்பதாலும் எடை குறைகிறது. ஆலைக்குள் ஈரப்பதத்தைச் சீராக வைத்தால் இது குறையும். பஞ்சுத் தூசியால் தொழிலாளர்களுக்கு ஏற்படும் பிசினோசிஸ் என்னும் நுரையீரல் நோயைத் தடுக்கவும் பறக்கும் தூசியைக் குறைப்பது அவசியம்.

கணக்கிடும் முறை

பயன்படுத்திய பஞ்சின் எடையில் எத்தனை சதவீதம் நூலாகக் கிடைத்தது என்பதே அடிப்படை அளவு. எடுத்துக்காட்டாக, ஓர் ஆலை நாளொன்றுக்கு 5,000 கிலோ பஞ்சு பயன்படுத்துவதாகக் கொள்வோம். பஞ்சு கிலோ 160 ரூபாய், கழிவு கிலோ 60 ரூபாய்க்கு விற்பனை என்று வைத்துக்கொண்டால், கழிவாகும் ஒவ்வொரு கிலோவிலும் 100 ரூபாய் இழப்பு. கழிவு 1 சதவீதம் குறைந்தால் 50 கிலோ மிச்சம். நாளொன்றுக்கு 5,000 ரூபாய். 300 வேலை நாளில் இது 15 இலட்சம் ரூபாய்.

எல்லாக் கழிவையும் ஒரே சாக்கில் கொட்டி எடை போட்டால், குறை எந்த இயந்திரத்தில் என்று தெரியாது. ஒவ்வொரு ஷிப்டிலும் பிரிவு வாரியாக எடைபோட்டுப் பதிவு செய்வதே முதற்படி. ஓர் இயந்திரத்தில் மட்டும் எடை கூடினால், அதன் அமைப்பையோ தேய்ந்த உதிரிபாகத்தையோ சரிபார்க்கலாம். வகை பிரித்துச் சுத்தமாக வைத்த கழிவுக்கு விலையும் கூடுதலாகக் கிடைக்கும்.

ஏழு வீண்கள்

கழிவு என்பது பஞ்சு மட்டுமன்று. ஜப்பானின் டொயோட்டா நிறுவனப் பொறியாளர் தைச்சி ஓனோ, இரண்டாம் உலகப் போருக்குப் பின் உருவாக்கிய உற்பத்தி முறையில் ஏழு வகை வீண்களைச் சுட்டினார். அவை தேவைக்கு மிஞ்சிய உற்பத்தி, காத்திருப்பு, வீண் போக்குவரத்து, தேவையற்ற வேலை, மிகை இருப்பு, வீண் அசைவு, குறைபாடுள்ள பொருள் என்பன. ஆர்டர் இல்லாத ரக நூல் கிடங்கில் தேங்குவதும், பழுதுபார்ப்பவருக்காக இயந்திரம் நிற்பதும், காற்றுக் குழாய்க் கசிவால் கம்ப்ரசர் வீணாக ஓடுவதும் நூற்பாலையில் காணும் எடுத்துக்காட்டுகள்.

ஒருவரின் கழிவு, மற்றவரின் மூலப்பொருள்

கோம்பர் நாயிலும் பிற கழிவுப் பஞ்சும் ஓப்பன் எண்ட் (ஓ.இ.) மில்களுக்கு மூலப்பொருளாகின்றன. திருப்பூரின் பனியன் வெட்டுத் துண்டுகளும் மீண்டும் இழையாக்கப்பட்டு நூலாகின்றன. துண்டுகளை நிறவாரியாகப் பிரித்தால் சாயமிடாமலே வண்ண நூல் கிடைக்கும். நீரும் சாயமும் மிச்சமாகும். இந்நூல் போர்வை, மிதியடி போன்றவற்றுக்குப் பயன்படுகிறது. ஆயினும் கழிவுப் பஞ்சின் விலை ஏறும்போது ஓ.இ. மில்கள் உற்பத்தியைக் குறைக்க நேர்வதும் உண்டு.

கழிவுக்கு விலை கிடைக்கிறது என்பதற்காக நூற்பாலை அதைக் கவனிக்காமல் விட முடியாது. விற்ற கழிவின் வருவாய், அதற்காக வாங்கிய பஞ்சின் விலையை ஈடுகட்டுவதில்லை.

அரசு உதவி

ஒன்றிய அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகம் 2023 மார்ச்சில் தொடங்கிய லீன் திட்டத்தில் அடிப்படை, இடைநிலை, உயர்நிலை என மூன்று நிலைகள் உள்ளன. ஆலோசகர் வழிகாட்டுதலுக்கான செலவில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கும் வகையில் இது வகுக்கப்பட்டது. எனினும், இயந்திரத்தின் அருகே நிற்கும் தொழிலாளி அன்றாடம் எடையைச் சரியாகக் குறித்தால்தான் எந்த ஆலோசனையும் பயன்தரும்.