லேப்டொப் தானாக மூடிக்கொள்கிறதா? கடைக்கு ஓடுமுன் இதைப் படியுங்கள்



நம் பிள்ளைகள் பலர் இன்று கொழும்பிலே, வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறார்கள், வேலை பார்க்கிறார்கள். சீட்டுக் காசிலும் நகை அடகு வைத்த காசிலும் வாங்கிக் கொடுத்த லேப்டொப்தான் அவர்களுக்குக் கொப்பியும் பேனையும். அதைப்பற்றி வீட்டுக்குப் போன் எடுத்துச் சொல்லும் குறைகளில் ஒன்று இது: "அம்மா, கொஞ்ச நேரம் சும்மா விட்டா தானா வெளிய போயிருது. திரும்பத் திரும்ப பாஸ்வேர்ட் கேக்குது. பழுதாயிருச்சு போல."

பெரும்பாலும் இது பழுதே அல்ல. ஆள் இல்லாத நேரம் கதவைப் பூட்டிவிடும் வாச்சர் மாதிரி, லேப்டொப்பும் தன்னைத் தானே பூட்டிக்கொள்கிறது. ஆனால் வேறு காரணங்களும் உண்டு. எது என்று தெரியாமல் கடைக்குக் கொண்டு போனால் வீண் செலவுதான்.

முதலில் என்ன நடந்தது என்று பாருங்கள்

திரும்பி வந்து பாஸ்வேர்ட் கொடுத்ததும், திறந்து வைத்த வேலை அப்படியே இருக்கிறதா? அப்படியானால் அது பூட்டு, அல்லது தூக்கம். திறந்து வைத்தவை எல்லாம் மூடி, திரை வெறுமையாக இருக்கிறதா? அப்படியானால் லேப்டொப் அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. லேப்டொப் நன்றாக இருந்து, ஓர் இணையப் பக்கம் மட்டும் மறுபடி பாஸ்வேர்ட் கேட்கிறதா? அது அந்தப் பக்கத்தின் விதி. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

1. பூட்டும் தூக்கமும்

விண்டோஸ் லேப்டொப்பில் செட்டிங்ஸ், அதில் அக்கவுண்ட்ஸ், அதில் சைன்-இன் ஒப்ஷன்ஸ் என்று போங்கள். விலகியிருந்தால் எப்போது மீண்டும் பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்ற கேள்வி ஆங்கிலத்தில் இருக்கும். சில லேப்டொப்பில் நிமிடக் கணக்கு வரும். 15 நிமிடம் வையுங்கள். சிலவற்றில் தூக்கத்திலிருந்து எழும்போது என்பது மட்டும் இருக்கும். அதை அப்படியே விடுங்கள்.

அடுத்து செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் என்று போனால் தூங்கும் நேரத்தைக் கூட்டலாம். இங்கே இரண்டு கணக்கு உண்டு: சார்ஜர் போட்டிருக்கும்போது ஒன்று, பற்றரியில் ஓடும்போது ஒன்று. கரண்ட் போன நேரத்தில் மட்டும் சீக்கிரம் மூடிக்கொள்கிறது என்றால் காரணம் இதுதான்.

இன்னும் இரண்டு இடம் பாருங்கள். ஸ்கிரீன் சேவரில் பாஸ்வேர்ட் கேட்கச் சொல்லும் கட்டத்தில் சரி அடையாளம் இருக்கலாம். டைனமிக் லொக் என்பது போட்டிருந்தால், புளூடூத்தில் இணைத்த போனை எடுத்துக்கொண்டு நீங்கள் தூரம் போனதும் லேப்டொப் பூட்டிக்கொள்ளும்.

2. அணைந்து போனால்

இதைத்தான் கவனிக்க வேண்டும். சேவ் பண்ணாத வேலை போய்விடும். சார்ஜரைப் போட்டு அதே அளவு நேரம் விட்டுப் பாருங்கள். சார்ஜர் இருந்தால் அணையவில்லை, இல்லாவிட்டால் அணைகிறது என்றால் பற்றரி தேய்ந்திருக்கலாம். மெத்தை மேல் வைத்து வேலை செய்தால் காற்றுப் போகும் துவாரம் அடைபட்டு, சூடேறியும் அணையும், மேசையில் வையுங்கள். விண்டோஸ் அப்டேட் போட்டுக்கொண்டு தானே மறுபடி தொடங்குவதும் உண்டு. அப்டேட் பகுதியில் அக்டிவ் அவர்ஸ் என்ற இடத்தில் நீங்கள் வேலை செய்யும் நேரத்தைக் கொடுத்துவிட்டால் அந்த நேரத்தில் அது தொந்தரவு செய்யாது.

3. இணையப் பக்கம் வெளியே தள்ளினால்

வங்கிப் பக்கங்களும் விண்ணப்பப் பக்கங்களும் சும்மா இருந்தால் ஆளை வெளியே அனுப்பிவிடும். லேப்டொப்பில் எதை மாற்றினாலும் இது மாறாது. பல்கலைக்கழக விண்ணப்பமோ வேலை விண்ணப்பமோ நிரப்பப்போகும் பிள்ளை, அடையாள அட்டை இலக்கம், பெறுபேறுகள், விலாசம் எல்லாவற்றையும் முதலில் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நீண்ட பதில்களை வேறிடத்தில் டைப் பண்ணி சேவ் பண்ணிவிட்டு, பிறகு பக்கத்தில் ஒட்டலாம்.

4. ஒபிஸ் லேப்டொப்

வேலைத்தளம் கொடுத்த லேப்டொப் என்றால் நேரத்தை அவர்களே முடிவு செய்திருப்பார்கள். உதாரணமாக, வங்கி அட்டைத் தகவல்களைக் கையாளும் நிறுவனங்களுக்கான உலகப் பாதுகாப்பு விதி, ஊழியரின் கணினி 15 நிமிடத்துக்கு மேல் சும்மா இருந்தால் மறுபடி பாஸ்வேர்ட் கேட்க வேண்டும் என்கிறது. அதை மாற்ற முயல வேண்டாம். தேவையென்றால் அங்குள்ள கணினிப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

பழைய லேப்டொப் வாங்கும்போதும் இதைப் பாருங்கள். செட்டிங்ஸில் சிலவற்றை உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், முன்பு வைத்திருந்த ஒபிஸின் கட்டுப்பாடு இன்னும் அதில் இருக்கக்கூடும். காசைக் கொடுக்குமுன் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள்.

பூட்டைக் கழற்றி எறியாதீர்கள்

"இந்தப் பாஸ்வேர்டே வேணாம், எடுத்துருங்க" என்று கடையில் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஓர் அறையில் நாலைந்து பேர் தங்கும் இடத்தில் இது சரிவராது. லேப்டொப்புக்குள்தான் பிள்ளையின் கடிதங்கள், படங்கள், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கின்றன. அனுமதியில்லாமல் இன்னொருவர் கணினிக்குள் புகுவது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். ஆனாலும் நடந்த பிறகு பொலிஸுக்குப் போவதைவிட, நடக்காமல் பார்ப்பது நல்லது அல்லவா?

ஆகவே நேரத்தைக் கூட்டுங்கள், பூட்டை விட்டுவையுங்கள். எழுந்து போகுமுன் கன்ட்ரோல் விசையோடு எஸ் விசையை அழுத்தி வேலையை சேவ் பண்ணுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு எல் விசையை அழுத்தினால் லேப்டொப் உடனே பூட்டிக்கொள்ளும். இந்த இரண்டையும் கொழும்பில் இருக்கும் பிள்ளைக்கு இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள்.