எவரெஸ்ட் அடிவாரம் போகலாமா?

குட்டீஸ், ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் எல்லோரும் நேபாளத்துக்கு ஒரு நடைப்பயணம் போகத் திட்டம் போடுவோம். எவரெஸ்ட் சிகரத்தில் ஏறப் போவதில்லை. 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் அடிவார முகாம் வரை நடந்துவிட்டுத் திரும்பப் போகிறோம். மேலே போக 8 நாள், இறங்கி வர 4 நாள். அப்படியானால் 12 நாள் லீவு போதும் என்கிறீர்களா? அதுதான் தப்புக் கணக்கு!

கால் மணி நேரம் முன்னே!

முதலில் நேபாளத்தின் தலைநகரமான காத்மாண்டுவுக்குப் போக வேண்டும். அங்கே இறங்கியதும் கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னால் தள்ளி வையுங்கள். நேபாள நேரம் நம் நேரத்தைவிடக் கால் மணி நேரம் முந்தியது. போய்ச்சேர ஒரு நாள், அனுமதிச் சீட்டு வாங்கவும் மூட்டை கட்டவும் இன்னொரு நாள் ஆகும். லுக்லா என்ற மலைக் கிராமத்துக்குப் போகும் குட்டி விமானத்தில் பொதுவாக ஒருவருக்குக் கைப்பையையும் சேர்த்து 15 கிலோதான் அனுமதி. அதனால் பார்த்துப் பார்த்துத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

சரிவான ஓடுபாதை

இந்த லுக்லாவில்தான் நடை தொடங்குகிறது. உயரம் சுமார் 2,850 மீட்டர். எவரெஸ்ட்டில் முதன்முதலில் ஏறிய எட்மண்ட் ஹிலாரியின் முயற்சியால் 1964-இல் இங்கே விமானத்தளம் அமைந்தது. மண்ணை மிதித்து இறுக்க, ஊர் மக்களான ஷெர்பாக்கள் கைகோத்து ஆடினார்களாம்! 2008-இல் இதற்கு டென்சிங், ஹிலாரி இருவரின் பெயரையும் சூட்டினார்கள்.

பெரிய விமான நிலையங்களில் ஓடுபாதை 3 கிலோமீட்டருக்கு மேல்கூட இருக்கும். லுக்லாவில் வெறும் 527 மீட்டர்தான். அதுவும் சாய்வுப் பலகை போலச் சரிவானது. ஒரு முனையில் மலைச் சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானம் மேட்டை நோக்கி இறங்கும். அந்த ஏற்றமே வேகத்தைக் குறைத்துவிடும். கிளம்பும்போது பள்ளத்தை நோக்கி ஓடி, வேகம் பிடித்துப் பறக்கும்.

விமானி கண்ணால் பார்த்துத்தான் இங்கே இறக்க வேண்டும். மேகம் மூடினால் விமானம் வராது. பிற்பகலில் காற்றும் பலமாக வீசும் என்பதால் பெரும்பாலும் காலையில்தான் பறப்பார்கள். 2011 நவம்பரில் வானிலை மோசமானபோது, ஊர் திரும்ப வேண்டிய 2,000-க்கும் மேற்பட்டவர்கள் பல நாட்கள் லுக்லாவிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

நெரிசலான மாதங்களில் இன்னொரு வேலையும் உண்டு. அப்போது பல லுக்லா விமானங்கள் காத்மாண்டுவுக்குப் பதிலாக மந்தலி என்ற ஊரிலிருந்து கிளம்புகின்றன. அங்கே போகச் சாலையில் நான்கைந்து மணி நேரம் ஆகும். நடுராத்திரியிலேயே எழுந்து வண்டி ஏற வேண்டியதுதான்!

சும்மா இருக்கும் நாள்

மேலே போக 8 நாள் என்றோமே, அதில் நடப்பது 6 நாள்தான். நாம்சே பஜாரில் (3,440 மீட்டர்) ஒரு நாளும், டிங்போச்சேயில் (சுமார் 4,400 மீட்டர்) ஒரு நாளும் தங்க வேண்டும். எதற்கு? அடிவார முகாமில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடம்பு மெதுவாகத்தான் பழகும். தங்கும் நாளில் பக்கத்து மேட்டில் கொஞ்ச தூரம் ஏறிப் பார்த்துவிட்டு, கீழே வந்து தூங்குவார்கள். அதுவும் உடம்பைப் பழக்கத்தான்.

தலைவலி, வாந்தி, தலைசுற்றல் வந்தால் உடனே பெரியவர்களிடம் சொல்லிவிட வேண்டும். 'எல்லோரும் போகிறார்களே' என்று மறைத்துக்கொண்டு மேலே ஏறினால் உயிருக்கே ஆபத்து. அது குறையும்வரை மேலே போகவே கூடாது. அதிகமானால் உடனே கீழே இறங்க வேண்டும்.

இப்போது கணக்கு!

நடைக்கு 12 நாள், காத்மாண்டுவில் 2 நாள். கடைசியில் எதுவும் எழுதாமல் 2 கட்டங்களைக் காலியாக விடுங்கள். ஆக மொத்தம் 16 நாள். விமானம் வராமல் போனால் அந்தக் காலிக் கட்டங்கள்தான் நம்மைக் காப்பாற்றும். அவை இல்லாதவர்கள்தான் ஓய்வு நாளை வெட்டிவிட்டு அவசரமாக மலை ஏறி, உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

விமானம் சரியான நேரத்துக்கு வந்துவிட்டதா? கவலையே வேண்டாம். காத்மாண்டுவில் சுயம்புநாத் ஸ்தூபியின் படிகளில் குரங்குகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஏறலாம்!

என்ன குட்டீஸ், காலண்டரில் காலிக் கட்டம் போட்டாச்சா?